அரிசிப் பானைக் கிண்ணம்

போலீஸ்காரர் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டார். அதற்குள்தான் பெஜ்மான் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கந்தல் துணியில் சுற்றிப் புதைத்திருந்தான்.

மலைச்சரிவில் ஒலிவக் கன்று நடக் குழி தோண்டியபோது கிடைத்தது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய ராஜாக்கள் காலத்துப் பட்டை தீட்டிய கிண்ணம். மேலெல்லாம் சாம்பல் நிறப் பொருக்கு, தடவினால்தான் பட்டையின் குழிகள் தட்டுப்படும். விற்றால் அடகில் கிடக்கும் தோட்டம் திரும்பும், புதையலை அரசாங்கத்திடம் ஒப்படைக்காமல் பிடிபட்டால் ஜெயில்.

போலீஸ்காரர் கையை உதறிவிட்டு, பின்னால் நின்ற அதிகாரியிடம் சொன்னார். "வெறும் அரிசிதான் ஐயா."

கிண்ணம் இல்லையா? எங்கே போயிற்று? பெஜ்மான் தன் மனைவி தூபாவைப் பார்த்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நவ்ரோஸ் புத்தாண்டுக்காக வீட்டில் ஒரு சாமான் விடாமல் தேய்த்தவள், இன்னும் அவள் மேல் வினிகர் வாடை அடித்தது.

அதிகாரி புத்தாண்டுப் பண்டங்கள் பரப்பிய விரிப்பின் அருகே உட்கார்ந்தார். "தப்பா நினைக்காதப்பா. எவனோ போட்டுக் குடுத்தான், வந்துதானே ஆகணும்?"

ஆப்பிளுக்கும் பூண்டுக்கும் நடுவே பண்டிகை வழக்கப்படி வைத்திருந்த தங்கமீனில் அவர் கண் நின்றது. "அட, ஒத்தை மீனு, பாத்தா ஒரு கூட்டமே நீந்துற மாதிரி இருக்கே! என் பொண்ணு பாத்தா விடவே மாட்டா."

விருந்தாளி புகழ்ந்ததை நீட்டாவிட்டால் அந்த ஊரில் மானம் போய்விடும். வெறும் வாய்வார்த்தைதான், வாங்குகிறவனும் கிடையாது.

"உங்களுக்குத்தாங்க ஐயா, எடுத்துக்கங்க."

"சேச்சே, வேண்டாம்ப்பா."

தூபா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். இந்த நேரத்திலும் கஞ்சத்தனமா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் தொலைந்தால் போதும், கிண்ணத்தைத் தேட வேண்டும்.

"பாப்பாவுக்கு என் புத்தாண்டுப் பரிசு. மறுத்தீங்கன்னா என் மனசு தாங்காது" என்று மீனைத் தண்ணீரோடு தூக்கி அவர் கையில் திணித்தான். அதிகாரி நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொண்டார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் பெஜ்மான் அரிசிப் பானையைக் கவிழ்த்துக் கொட்டினான். "அடியே, உசுரே போயிடுச்சு! கிண்ணத்தை எங்கடி ஒளிச்சு வெச்சே?"

தூபா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பளபளன்னு தேச்சு, மீனை விட்டு, அவன் கண்ணு முன்னாலயே ஒளிச்சு வெச்சேன். நீங்கதானே ஜீப்புல ஏத்தி அனுப்பினீங்க!"