றெக்ஸ் வீட்டில் இல்லை

"பொய் சொல்லாதை. எங்கையடா நிக்கிறாய்?"

"பார்சலோனாவிலதான் அண்ணை. உங்களிட்டை ஏன் பொய் சொல்லுறன்?"

அருளம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நின்றது கனடாவில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், றெக்ஸின் வீட்டு வாசலில். போன் வீடியோவில் றெக்ஸ் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சிரித்தான்.

அன்று ஜூலை முதலாம் தேதி. மொன்றியலில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் வீடு மாறுவார்கள். மீதிப் பேர் அவர்களுக்குப் பிரிட்ஜ் தூக்குவார்கள். இரண்டிலும் சேராதவர்கள் தலைமறைவாகிவிடுவார்கள்.

நாலு வீடு தள்ளி, மூன்றாம் மாடிப் பால்கனியில் அருளம்பலத்தின் பிரிட்ஜ் தன்னந்தனியாக நின்றது. மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புதிதாகக் குடிவர வந்தவர்களோ தங்கள் சோபாவை நடைபாதையில் போட்டு உட்கார்ந்து, அவரைக் காணும்போதெல்லாம் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு போன்ஜூரும் முந்தியதைவிடக் கொஞ்சம் உறைப்பாக இருந்தது.

வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும் அந்த இரும்புப் படியால் பிரிட்ஜ் இறக்கத் தெரிந்த ஒரே ஆள் றெக்ஸ். அதனால்தான் ஒளிந்துவிட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எங்கட ஆக்கள் ஆரும் தனியா ஊர் பாக்கப் போறவையே? அங்க உனக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையே?"

"இல்லாதபடியால்தான் வந்தனான் அண்ணை."

"பின்னால என்ன?"

"பெரிய தேவாலயம். நூறு வருசத்துக்கு மேலாக் கட்டினம். கிரேனைப் பாருங்கோ."

"கட்டி முடியாத கட்டடமும் கிரேனும். அது மொன்றியல்தான்."

றெக்ஸ் அவரை நம்பவைக்க டாக்ஸி பிடித்துக் கடற்கரைக்குப் போய், மறுபடி வீடியோவில் அழைத்தான். மொன்றியலில் லஷீன் பக்கம் ஆறும் இப்படித்தான் இருக்கும் என்றார் அருளம்பலம். கரையோரமாய் மேளமும் ஆட்டமுமாய் இருந்த ஒரு தெருவைக் காட்டினான். டவுன்டவுனில் ஜாஸ் விழாக் கூட்டம் என்றார்.

"அண்ணை, ஒரு நாள்தான் இங்க நிக்கிறன். என்னை ஊர் பாக்க விடுங்கோ."

"என்ர பிரிட்ஜும் பால்கனியில நிண்டு ஊர்தான் பாக்குது. மற்றப் பிள்ளையளைப் பார். இரவிச்சந்திரன் பல்லுப் புடுங்கிப்போட்டுப் படுத்திருக்கிறான். எமிலியானுஸ் ஒட்டாவாவில செத்தவீட்டில. ஜெனாட்டுக்கு இடுப்புப் பிடிப்பு. வரேலாது எண்டு மரியாதையாச் சொன்னவங்கள். கயிறு வாங்கப் போன என்ர மருமகன் நிதுசன், பாவம், இன்னும் கடை கடையா அலையிறான். நீ ஒருத்தன்தான் பொய்க்காரன்."

சொல்லி முடிக்கவில்லை, வீட்டுக்குள்ளே யாரோ இருமினார்கள். ஆட்டிறைச்சிக் கறி வாசமும் மெல்ல வந்தது.

"நீ இப்ப இருமினனீ."

"நான் இருமேல்லை அண்ணை. நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள்."

"அப்ப உன்ர வீடு இருமுதோ?"

றெக்ஸுக்கு அழுகை வராத குறை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணை, கூட்டாளியளுக்குத் தெரிஞ்ச கதவுப் பூட்டு இலக்கத்தை உங்களுக்கும் சொல்லுறன். திறந்து பாத்துப்போட்டு என்னை விட்டிடுங்கோ."

கள்ளன் அகப்பட்டான் என்ற பூரிப்போடு அருளம்பலம் இலக்கத்தை அழுத்தினார். கதவு திறந்தது.

நடு அறையில் பாய் விரித்திருந்தது. அதைச் சுற்றி நாலு பேர், கையில் சீட்டோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்புப் பிடித்த ஜெனாட் சம்மணம் கட்டியிருந்தான். எமிலியானுஸ் அரைக் காற்சட்டையோடு துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தான். புதுக் கயிற்றுச் சுருளில் சாய்ந்திருந்த நிதுசன், மாமனாரைக் கண்டதும் சீட்டுகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

பல்லுப் புடுங்கிய இரவிச்சந்திரன்தான் முதலில் வாய் திறந்தான், அதுவும் கடித்துக்கொண்டிருந்த எலும்பை எடுத்து வைத்துவிட்டு.

"பார்சலோனாவுக்குப் போறன் எண்டு றெக்ஸ் உங்களிட்டையும் சொல்லிப்போட்டுத்தானே அண்ணை போனவன். அதை நீங்கள் நம்புவியள் எண்டுதான் நாங்கள் இங்க வந்தனாங்கள்."