மணி அடிக்காத ஃபோன்

மார்ச் 12. இன்று ஒரு தவறு செய்தேன். நான் பயிற்சி பெறும் குடிநீர் அலுவலகத்தில் மேலாளர் திருத்தி ஒரு பக்கத்துக்கு நீட்டிக் கொடுத்த அறிவிப்பை விட்டுவிட்டு, நான் முதலில் எழுதியதையே ஊர் முழுவதற்கும் அனுப்பிவிட்டேன். "நாளை காலை ஆறு முதல் பத்து வரை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வையுங்கள்." அவ்வளவுதான்.

"ஃபோன் பக்கத்துல போய் உட்காரும்மா. கேக்குறவங்களுக்கு நீயே பதில் சொல்லு" என்றார் மேலாளர்.

அவர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகத்தில் என் பயிற்சி செல்லும். பயந்தபடியே உட்கார்ந்தேன். மாலை வரை ஃபோன் அடிக்கவில்லை.

"ஒயர் கழண்டிருக்காக்கா?" என்று ஃபோன் எடுக்கும் அக்காவிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. சார் எழுதின அறிவிப்பு போனா, எந்த நேரம்னு கேட்டே நூறு பேர் கூப்பிடுவாங்க. இன்னிக்குத்தான் டீயைச் சூடா குடிச்சேன்."

பின்னால் மேலாளர் நின்றிருந்தார். என் மேசையில் ஒரு ஃபைலை வைத்தார்.

நாளை: அதிலுள்ள, அவர் எழுதிய பழைய அறிவிப்புகள் பதினொன்றையும் நான் திருத்த வேண்டும்.