தொண்ணூறுக்கு மேல்

மூடியைக் கிளப்பியதும் வாடை வந்தது.

நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் அழுகின பலாச்சுளையை ஊறப்போட்ட மாதிரி ஒரு தித்திப்பு வாடை.

உள்ளே பேட்டரி, எண்ணெயில் போட்ட பூரியாக உப்பிக் கிடந்தது.

அவள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். அப்பா மட்டும் ஸ்டூலை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளைக்காக அவர் வாங்கிய போன். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் கைக்குட்டையில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்து, லேபுக்குச் சாம்பிள் கொண்டுபோகிறவரின் பவ்யத்தோடு கொண்டுவந்திருந்தார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் பன்னிரண்டு வருஷமாக அவள் போன் பிரிக்கிறாள்.

ஊராரின் அந்தரங்கமெல்லாம் ஸ்பீக்கர் வலையில்தான் வந்து தேங்கும். காதுக் குறும்பி. பவுடர். காய்ந்த சால்னா. ஒரு தடவை யாருடையதோ பாதி நகம். எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு அதே மேஜையில் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறாள்.

உப்பிய பேட்டரி செல்லின் தலையில் ஒட்டியிருந்த குட்டி போர்டை வெட்டி எடுத்தாள். செல்லை மணல் டப்பாவில் போட்டு மூடினாள்.

எடுத்து வைத்தது வேறு கம்பெனியின் புது செல், அளவு அதேதான். பழைய போர்டை அதில் பற்றவைத்துவிட்டால் போனுக்கு ஆள் மாறியது தெரியாது.

ஆனால் அந்தப் போர்டு பழசை மறக்காது. பேட்டரி ஹெல்த், அதாவது மிச்ச ஆயுள், நூற்றுக்கு எழுபத்தொன்று என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் சோப்பு டப்பா அளவில் ஒரு மெஷின் இருக்கிறது. வேண்டிய எண்ணை எழுதிக்கொள்ளலாம். பக்கத்துக் கடைகளில் செத்த செல்லுக்கும் கூசாமல் நூறு எழுதுவார்கள்.

அவள் புது செல்லுக்கு மட்டும்தான் நூறு எழுதுவாள்.

மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. அதை அவர்களே மூன்று முறை சொன்னார்கள்.

பிறகு குணசீலன் இந்தப் போனை மட்டும் கேட்டான். பழசே போதும், நான் சிம்பிள் என்றான். ஹெல்த் மட்டும் தொண்ணூறுக்கு மேலே இருக்கணும்.

வியாழக்கிழமை நிச்சயம். அவளுக்கு இது ஆறாவது வரன். அப்பா இந்தத் தடவைதான் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்.

பற்றவைத்து முடிக்கும்போது அவளுடைய போன் மினுங்கியது. குணசீலன். வாய்ஸ் மெசேஜ்.

இரண்டு கையிலும் பேட்டரி ஒட்டுகிற பிசின். சுண்டுவிரலால் தொட்டாள். ஸ்பீக்கரில் ஓடியது.

“செக் பண்ணிட்டுத்தான் மோதிரம் போடுவேன். தொண்ணூறுக்குக் கீழ காட்டுச்சுன்னா அப்படியே கிளம்பிருவோம், சொல்லிட்டேன். அப்புறம்... தப்பா எடுத்துக்காத. வியாழக்கிழமை கையை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வா. அன்னிக்கு நீ காபி குடுத்தப்ப கடை வாடை அடிச்சுச்சு. அம்மா வீட்டுக்கு வந்து வாந்தியே எடுத்துட்டாங்க.”

பின்னணியில் அந்த அம்மா சிரிப்பதும் பதிவாகியிருந்தது.

அப்பா சுவரில் ஏதோ படிக்கிற மாதிரி இருந்தார். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.



தண்ணீர் குடித்தாள். இன்னொரு மடக்கு குடித்தாள்.

காபி தம்ளரை அவன் நாக்கால் வழித்தது ஞாபகம் வந்தது.

மெஷினில் போர்டை மாட்டினாள். அருமையான செல். இரண்டு நாள் தாங்கும். நூறு என்று எழுதினால் அது சத்தியம்.

எட்டு என்று அழுத்தினாள்.

கொஞ்சம் யோசித்து, அதன் பக்கத்தில் ஒன்பது.

பேட்டரியை வைத்துப் போனை மூடி, துடைத்து, ஹெல்த் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

பிறகு அவள் கையைப் பார்த்தார். பிசின் காய்ந்து, தோலோடு உரிந்துகொண்டிருந்தது.

சட்டைப்பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து, எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஸ்வீட் கடை நம்பரைப் போட்டார்.

“தம்பி, வியாழக்கிழமைக்கு லட்டு சொல்லியிருந்தேன்ல. மாவு இன்னும் கரைக்கலையே?”