பிணைக் கையெழுத்து

"கணக்குப் பட்டம் முடிச்சா மாசம் எவ்வளவு உழைப்பாய் மகள்?" விண்ணப்பத்தைப் புரட்டியபடி நுஸ்ஹாவிடம் கேட்டார், தபாற்கந்தோரில் வேலைபார்க்கும் மர்சூக்.

"எழுபதாயிரம் வரும்."

"படிக்க எடுக்கிற கடன்?"

"பன்னிரண்டு லட்சம். வட்டியில்ல."

"மாசம் பத்தாயிரம் கட்டினாலும் பத்து வருஷம். கிழவியாப் போயிருவாய்!"

"ஓம். கணக்குத் தெரிஞ்ச கிழவி," என்று சொல்லிவிட்டு நுஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாப்பா இல்லாத அவளுக்கு அரச உத்தியோகத்தர் ஒருவர் பிணை நின்றால்தான் கடன் கிடைக்கும். கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். நாளை கடைசி நாள்.

மர்சூக் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

கதவோரம் நின்ற உம்மா மர்சூக்கின் பக்கம் திரும்பினார். "காக்கா, போன கிழமைதானே ஒங்கட மகன கலியாணம் முடிக்க மாட்டன், படிக்கப் போறன் எண்டு இவள் சொன்னவள்?"

மர்சூக் விண்ணப்பத்தை நுஸ்ஹாவின் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்து போனார்.