அழிக்காமல் விட்ட பத்து நாள்

பத்து நாளில் ஒன்பது நாள், காலை பதினொன்று பத்து வாக்கில், ரோஸ்லினின் போன் தணிகைவேல் வீட்டு மொட்டைமாடியில் இருந்திருக்கிறது.

ரோஸ்லின் என் மனைவி. தணிகைவேல் கரும்பு போடுகிறவன், மனைவியை இழந்து மூன்று வருடம் ஆனவன், சட்டை போடாமல் மாடியில் நின்று பல் தேய்க்கிறவன்.

இதை யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. ஊருக்காக நான் கட்டிய வலை சொன்னது.

எப்படிச் சொல்லும் என்றால், விஷயம் எளிதுதான். ஆறு மாடிகளிலும் கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகையிலும் ஆக ஏழு ஆன்டெனா. பிவிசி பைப்பில் கட்டி, சின்னப் பெட்டியை டிபன் டப்பாவுக்குள் வைத்து, மழை இறங்காமல் எம்-சீல் பூசியிருக்கிறேன். பால் சொசைட்டிக்கு வருகிற ஒரே இன்டர்நெட் இணைப்பை ஒன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். இப்படிக் கை மாறிக் கை மாறி ஊர்க்கோடி வரை போகும்.

இடுப்பில் செருகிய போன் சும்மா இருக்காது. கொஞ்ச நேரத்துக்கொரு முறை ‘யாராவது இருக்கீங்களா?’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஆன்டெனா ‘இருக்கேன்’ என்னும். அந்தப் பதில், எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் கணினியில் ஒரு வரியாக விழும்: எத்தனை மணி, எந்த இடம், யார் போன்.

அதனால்தான் ஊர்க்கூட்டத்தில் முதல் விதியாக நானே எழுதினேன். இந்த வரிகள் அன்றன்றைக்கே அழிந்துவிட வேண்டும், பொறுப்பாளரும் பார்க்கக் கூடாது. கடவுச்சொல் போட்டால் திருடன் வெளியே நிற்பான். சாவி வைத்திருப்பவனிடமிருந்து ஊரைக் காப்பது இந்த ஒரு விதிதான் என்று விளக்கினேன். கை தட்டினார்கள்.

பொறுப்பாளர் நான்தான்.

பத்து நாளைக்கு முன்னால் அந்த அழிப்பை நிறுத்தினேன். ரோஸ்லின் என்னைப் பார்த்துச் சிரிப்பது நின்று அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

முந்தாநாள் சாப்பிடும்போது, காலையில் எங்கே போயிருந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

“வடாம் காயப் போடத்தான். நம்ம வூட்ல மாடியா கீது, தகரம்தான கீது? தணிகைவேல் அம்மா அவங்க மாடியில போட்டுக்கச் சொல்லுச்சி. அங்க நின்னா ஊரே தெரியுதுய்யா.”

வடாம் காய மூன்று வெயில் போதும்.

புதன்கிழமை மட்டும் அவள் அங்கே போகவில்லை. அன்று தணிகைவேல் ஊரில் இல்லை. பாகூர் பஸ் ஸ்டாண்டில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்ததை, ஒயர் வாங்கப் போயிருந்த நானே பார்த்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு ஆன்டெனாவின் மேல் பொறாமை வரும் என்று நான் நினைத்ததில்லை. அந்த மாடியில் அதை நிறுத்தியது நான். அவளுக்கு ‘இருக்கேன்’ என்று பதில் சொல்வது அது.

எனக்கும் வேலை கிடக்கிறது. மாடி அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் டியூஷன் எடுக்கிற கல்பனா வீட்டு ஆன்டெனா, காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதைத் தணிகைவேல் மாடிக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். நடுவில் ஒரு தென்னை மட்டை வந்தாலும் அலை தடுமாறிவிடும். இங்கிருந்து அது தெரிய வேண்டும், அங்கிருந்து இது தெரிய வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் தினமும் போக வேண்டியிருக்கிறது.

மதியம் வில்லியனூரிலிருந்து மச்சான் வருகிறார். நான்தான் வரச் சொன்னேன். அவர் தங்கச்சியின் யோக்கியதையை அவருக்கே காட்டப் போகிறேன். வாயால் சொன்னால் சண்டை வரும். திரையில் காட்டினால் பேச்சே இல்லை. இன்றோடு இந்த வீட்டில் ஒன்று முடிந்துவிடும்.

ஒரு சிக்கல். இத்தனை நாளும் அவள் பெயரை மட்டும் வடிகட்டித்தான் பார்த்திருந்தேன். ஒரே பெயர் இருந்தால், நானே ஜோடித்தது என்று மச்சான் சொல்லலாம். நியாயம் நியாயமாக இருக்கட்டும் என்று வடிகட்டியை எடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் விழுந்த எல்லா வரிகளையும் திறந்தேன்.

பதினொன்று ஏழு. கல்பனா வீட்டு மாடி. பாக்யராஜ் போன்.

பதினொன்று பத்து. தணிகைவேல் வீட்டு மாடி. ரோஸ்லின் போன்.

பாக்யராஜ் நான்.

அடுத்த நாள் நான் பதினொன்று ஐந்து, அவள் பதினொன்று எட்டு. அதற்கடுத்த நாளும் அதே மூன்று நிமிடம்.

என் வரி பன்னிரண்டரைக்கு முடிகிறது. அதே நிமிடத்தில் அவளுடையதும் முடிகிறது.

புதன்கிழமை இரண்டு வரிகளுமே இல்லை.

தணிகைவேலின் போனைத் தேடினேன். அந்த ஒன்பது நாளும் பதினொரு மணிக்கு அது மோட்டார் கொட்டகையில் இருந்தது.

அந்த இரண்டு மாடிகளுக்கும் நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு தென்னை இருந்தது. அதன் மட்டைகளை ஆள் விட்டுக் கழிக்கச் சொன்னதும் நான்தான்.

வாசலில் நிழல் விழுந்தது. ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். கையில் காலித் தட்டு.

“இன்னாய்யா, மணி பதினொன்னாவுது, இன்னும் கெளம்பல? ஆன்டெனா திரும்பிக்கினு இருக்குமே.”