பதினோரு கிலோ

முதல் ராக்கெட் கடலில் விழுந்ததற்குப் பூங்கோதை வடிவமைத்த எரிபொருள் வால்வுதான் காரணம். இரண்டாம் ரகத்துக்காக அதைத் திருத்தினாள். மூன்றாம் ரகம் இரண்டு டன் கூடுதலாகச் சுமக்க வேண்டியிருந்தபோது மறுபடியும் திருத்தினாள். அதற்குள் பத்தொன்பது வருடங்கள் போய்விட்டன.

நான்காம் ரகத்தின் வரைபடத்தை உடன் வேலைபார்க்கும் சகாயம் அவள் மேசையில் விரித்தார்.

"எரிபொருளையே மாத்திட்டோம் மேடம். இனிமே அந்த வால்வு வேண்டாம். எடுத்துடலாம்னு நீங்க கையெழுத்து போட்டாத்தான் வேலை நகரும்."

"எவ்வளவு எடை குறையுது?"

"பதினோரு கிலோ. வருத்தமா இருக்கா?"

"இல்ல சகாயம். அசதியா இருக்கு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நான்காம் ரகம் கிளம்பிய அன்று கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை இல்லை. மற்ற ஊழியர்களோடு வெளியே வெயிலில் நின்றாள். இத்தனை வருடங்களும் ராக்கெட் கிளம்பும்போது திரையில் ஓடும் வால்வின் அழுத்த எண்களைத் தவிர அவள் எதையும் பார்த்ததில்லை. இப்போது மரங்களுக்கு மேலே நெருப்பு எழுந்தது. சத்தம் பிறகுதான் வந்து நெஞ்சில் மோதியது. எல்லோரும் கை தட்டினார்கள். ராக்கெட் புள்ளியாகி மறைந்தது. கூட்டம் கலைந்தது. இன்னும் அண்ணாந்தே நின்றவளுக்கு எப்போது தலையைத் தாழ்த்தலாம் என்று தெரியவில்லை.