பேராசிரியரின் நீலத் திரை

"மறுபடியும் திரை நீலமாயிடுச்சு தம்பி."

லேப்டாப்பை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி பேராசிரியர் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்து, மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். இது மூன்றாவது தடவை. வழியில் எத்தனையோ ரிப்பேர் கடைகள் இருக்கின்றன. அத்தனையையும் தாண்டி இந்த மனுஷர் இங்கேதான் வந்து நிற்பார்.

படித்தவர்கள் என்றாலே மெக்கானிக்குக்கு இளக்காரம். அதிலும் இவர் தனி ரகம். முதல் தடவை வந்தபோது உள்ளே ரேம் பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. கேட்டால், தூசி தட்டினாராம். இரண்டாவது தடவை, வேறு எந்த மெஷினுக்கோ உரிய டிரைவர் சாஃப்ட்வேரை இறக்கி வைத்திருந்தார். ஒரே ஆளுக்கு இப்படி விதவிதமாகக் கெடுக்க எப்படித்தான் தோன்றுகிறதோ!

"இந்தத் தடவை என்ன சார் பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலை தம்பி. வைரஸ் வந்துடக் கூடாதேன்னு இன்னொரு ஆன்ட்டி வைரஸ் போட்டேன். அவ்வளவுதான்."

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே சார்!"

"ரெண்டு இருந்தா இன்னும் நல்லதுதானே?"

"ஒரே வீட்டுல ரெண்டு மாமியார் இருந்தா நல்லதா சார்? உள்ளே ரெண்டும் அடிச்சுக்குது. மெஷின் தாங்காம படுத்துடுது. சாயங்காலம் வாங்க. பாஸ்வேர்டு?"

"எப்பவும் போல மூடி மேலேயே ஒட்டியிருக்கேன். எனக்கு மறந்துடும் பாருங்க."

அவர் போனதும் மெக்கானிக் வாய்விட்டே சிரித்தான். இவரிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருந்தது.

ஒரு ஆன்ட்டி வைரஸைத் தூக்கி எறிந்ததும் லேப்டாப் சமர்த்தாக ஓட ஆரம்பித்தது. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் மெக்கானிக் அதை மூடவில்லை. திரையின் நடுவில் அந்த ஃபோல்டர் இருந்தது. 'எழுத்தர் வேலைத் தேர்வு - கேள்வித்தாள் - இறுதி'. கேள்வித்தாள் தயாரிக்கும் குழுவில் இவரும் ஒருவர் போல.

முதல் தடவை அதைப் பார்த்தபோது சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான். அதற்கு நேர்மை என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டான். அது வெறும் பயம். இரண்டாவது தடவை திறந்தே விட்டான். யாரோ சார்ஜர் கேட்டு உள்ளே வரவும், வியர்த்து விறுவிறுத்து மூடிவிட்டான். திருடுவதற்குக்கூடத் துப்பில்லை.

இன்று அப்படி விட்டுவிட முடியாது. தேர்வு நெருங்கிவிட்டது. அந்தத் தேர்வைத்தான் மச்சினன் வருஷா வருஷம் எழுதித் தோற்றுக்கொண்டிருந்தான். வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று வந்தவன், ஹாலில் இருந்த சோஃபாவையும் ஃபேனையும் டி.வி. ரிமோட்டையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டான். புத்தகம் மார்பின் மேல் கிடக்கும். காதிலிருந்து போன் இறங்காது.

காலையில் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது.

"இந்தத் தடவையும் ஃபெயிலானா என்னங்க? இன்னும் ரெண்டு வருஷம் நம்மகூடவே இருந்து படிக்கட்டும்."

இன்னும் ரெண்டு வருஷம்! மெக்கானிக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பென்டிரைவைச் செருகினான்.

சாயங்காலம் பேராசிரியர் வந்தார்.

"ஃபைலெல்லாம் அப்படியே இருக்குல்ல தம்பி?"

"எதையும் தொடலை சார்."

"தங்கமான பிள்ளை நீ" என்று தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மெக்கானிக் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

வீட்டுக்கு வந்து, பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்த காகிதங்களை மச்சினன் மேல் போட்டான். மச்சினன் பார்த்தான். எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், இது தப்பில்லையா?"

"நீ சோஃபாவுல படுத்துக் கிடக்கிறது மட்டும் சரியாடா? மரியாதையா மனப்பாடம் பண்ணு."

தேர்வு முடிந்து முடிவும் வந்தது. மச்சினன் பெயர் முதல் வரிசையிலேயே இருந்தது. வேலை வெளியூரில் என்று தெரிந்தபோது மெக்கானிக்குக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மச்சினனை பஸ் ஏற்றிவிட்டு வந்து, சோஃபாவில் காலை நீட்டிப் படுத்தான்.

பேராசிரியர் அதன் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. லேப்டாப் ஒழுங்காக ஓடுகிறது போல. எல்லாம் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டான்.

"அந்த ஆளை எவன் பேராசிரியர் ஆக்கினானோ! கேள்வித்தாளைத் திரை மேலேயே வச்சுக்கிட்டு, பாஸ்வேர்டை மூடி மேல ஒட்டிக்கிட்டு... சரியான மண்டு" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அதே நேரத்தில் பேராசிரியர் வீட்டில், மகள் போனை வைத்துவிட்டு அப்பாவிடம் ஓடி வந்தாள்.

"அப்பா, அவர் வேலையில சேர்ந்துட்டாராம்! வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்னீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?"

"என்னத்தம்மா சொல்றது? நானே எடுத்துக் கொடுக்க என் மனசாட்சி இடம் கொடுக்கலை. ஆனா அவனோட அத்தான் திருடறதுக்குள்ள, நல்லா ஓடிட்டிருந்த லேப்டாப்பை மூணு தடவை கெடுக்க வேண்டியதாப் போச்சு!" என்று அலுத்துக்கொண்டார், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் மட்டுமே நடத்திவரும் பேராசிரியர்.